கை தூக்கியவர்கள்

டீச்சர் ஒருவர். கீபோர்டு வாசிக்கிற தம்பி ஒருவன். காலேஜ் படிக்கிற பெண்கள் இரண்டு பேர், இருவருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் டீ-ஷர்ட். சமையலுக்கு நான். அப்புறம் குப்பத்துப் பிள்ளைகள். முதல் நாள் பந்தலுக்குள் வந்தது பதினாறு பேர். கயிற்றுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தது அதைவிட அதிகம். வலைக் கூடத்து நிழலில் பெரியவர்கள் மூன்று பேர் வலையைத் தைத்துக்கொண்டே எங்களைப் பார்த்தார்கள். ஒரு நாய். அவ்வளவுதான்.

சபையில் இதை ஊழியப் பயணம் என்றார்கள். தி. நகரிலிருந்து பாலவாக்கம் வரை பஸ்ஸில் ஒரு மணி நேரம். காலையில் போய் சாயங்காலம் வந்துவிடுவோம். பயணம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலைக்குப் போகிறேன் என்றுதான் பக்கத்து வீட்டில் சொன்னேன்.

நான் அஞ்சாவது வரை படித்தவள். கல்யாண மண்டபங்களில் சமையல் வேலை. முதலில் காய் நறுக்கினேன், பிறகு பாத்திரம் விளக்கினேன், பிறகு அடுப்புக்கு வந்தேன். இருபது வருஷத்துக்கு மேல். மயிலாப்பூரில் ஹவுசிங் போர்டு வீடு, மூன்றாவது மாடி. முட்டி இரண்டும் போய்விட்டது.

சபைக்கு நான் சாமி தேடிப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தி. நகரில் முகூர்த்தம். விடியற்காலை டிபன், பிறகு பந்தி, எல்லாம் முடிந்து வெளியே வரும்போது மணி பதினொன்று. நிற்க முடியவில்லை. பக்கத்துச் சந்தில் ஒரு துணிக்கடைக்கு மேலே மாடியில் பாட்டுச் சத்தம். ஏறிப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. தலைக்கு மேல் ஃபேன் ஓடியது. யாரும் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. தூங்கிவிட்டேன். எழுந்தபோது கூட்டம் முடிந்து ஒருவர் டீ கொடுத்தார். அடுத்த வாரமும் போனேன். எட்டு மாதம் அப்படித்தான் போனேன், பாதி தூக்கம், பாதி பாட்டு.

டீச்சரை அங்கேதான் பார்த்தேன். ஆழ்வார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. ஐம்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகாதவர். வருஷா வருஷம் மே மாதம் லீவில் பத்து நாள் அந்தக் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டு, கதை, விளையாட்டு நடத்துவார். அந்த வருஷம் மதியச் சாப்பாடும் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. பள்ளிக்கூடம் லீவு விட்டால் சத்துணவும் லீவு என்றார். அது எனக்கும் தெரியும். என் பிள்ளைகளும் அந்தச் சோறு சாப்பிட்டு வளர்ந்ததுதான்.

முதல் நாள் பஸ்ஸிலேயே ஒரு விஷயம் சொன்னார்.

"இந்த வருஷம் சபை கமிட்டியில பெரியவங்க கண்டிப்பா சொல்லிட்டாங்கம்மா. ஆறு வருஷமா போறீங்க, கனி என்னன்னு கேக்குறாங்க."

"கனின்னா?"

"எத்தனை பிள்ளைங்க இயேசுவுக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தாங்கன்னு. கனி இருந்தா பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் தினமும் சாப்பாடு போட சம்மதம். அடுத்த வருஷமும் வரலாம். இல்லேன்னா இந்த இடத்தை விட்டுடச் சொல்றாங்க."

எனக்குப் புரிந்தது. எண்ணிக்கை வந்தால் சோறு. மண்டபத்திலும் அப்படித்தான்.

குப்பத்துத் தலைவரிடம் டீச்சர் அனுமதி கேட்கும்போது நானும் நின்றேன். அவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்.

"பாட்டு பாடு, சோறு போடு, வாணான்னு சொல்லல. ஆனா ஆடி மாசம் ஆத்தாளுக்கு கூழ் ஊத்தச் சொல்லோ எங்க புள்ளைங்க எங்களாண்டதான் நிக்கணும். இன்னா?"

"நிக்கட்டும் ஐயா" என்றார் டீச்சர்.

அடுப்பு வைத்தது பந்தலுக்குப் பின்னால், தகரத் தடுப்புக்குள். கடல் காற்று நெருப்பைத் தின்றது. என்ன மூடினாலும் சோற்றில் மணல் விழுந்தது. சிலிண்டர் பத்து நாளும் குறையாமல் வரவேண்டும் என்று அந்தப் பெண்கள் இருவரும் ஜெபம் செய்தார்கள். நான் ஏற்கெனவே ஆட்டிப் பார்த்திருந்தேன். எட்டு நாள் வரும். எட்டு நாள்தான் வந்தது. மிச்ச இரண்டு நாளும் விறகு.

ஜெபத்தில் கண்ணை மூடச் சொல்வார்கள். அடுப்பு எரியும்போது கண்ணை மூட முடியாது. டீச்சரிடம் சொன்னேன். "திறந்துட்டே பண்ணுங்க, கேப்பார்" என்றார். அதனால் பத்து நாளும் கண்ணைத் திறந்துகொண்டே இருந்தது நான் ஒருத்திதான்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தலையை எண்ணாமல் உலை வைக்கக் கூடாது. மிச்சமானால் கான்ட்ராக்ட்காரர் கத்துவார், குறைந்தால் பெண் வீட்டார் கத்துவார்கள். பிள்ளைகள் விஷயத்தில் தலையை எண்ணினாலும் போதாது. பாட்டுக்கு இருப்பான், சோற்றுக்கு வீட்டுக்கு ஓடிவிடுவான். அதனால் தினமும் பத்தரை மணிக்குக் கரண்டியோடு பந்தல் ஓரத்தில் போய் நிற்பேன்.

"சாப்பாடு யாருக்கு? கையத் தூக்கு."

எண்ணுவேன். போய் அரிசி போடுவேன்.

இரண்டாம் நாள் நாற்பத்தொரு கை. நாற்பத்தொன்றுக்கு அளந்து போட்டேன். பரிமாறும்போது வரிசையில் ஒரு தட்டு அதிகமாக இருந்தது. ஒன்பது வயது இருக்கும் ஒரு பெண், இடுப்பில் தம்பி, அவனுக்கு இரண்டு வயது.

"நீ கை தூக்கலியே" என்றேன்.

 தம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். தூக்க அவளுக்குக் கை எங்கே இருந்தது? அது எனக்கு அப்போது தோன்றவில்லை. அண்டாவைச் சுரண்டி அடிச்சோறு போட்டேன். எல்லாரும் பார்த்தார்கள்.

அடுத்த நாள் நான் போய் நின்றதும் பிள்ளைகளுக்குள் ஒரே சத்தம்.

"டேய், தூக்குடா. தூக்கலன்னா அந்தம்மா போடாது."

அந்தப் பெண் தம்பியை மணலில் இறக்கிவிட்டாள். அவன் அழுதான். அவள் கையைத் தூக்கினாள். என்னையே பார்த்துக்கொண்டு தூக்கினாள்.

இன்னொரு பையன் இரண்டு கையையும் தூக்கினான்.

"உனக்கு எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு எங்க அக்காவுக்கு. ஜுரம், வூட்ல படுத்துக்கினு கீது. டிபன் பாக்ஸ் இட்டாந்துகிறேன்."

சரி என்று இரண்டாக எண்ணினேன். அக்காவுக்கு ஜுரம் போன பிறகும் அவன் இரண்டு கையைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தான். நானும் இரண்டாக எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

அவன் வாய்க்காரப் பையன். நான்காம் நாள் டீச்சர் ஒரு கதை சொன்னார். மீன் பிடிக்கிறவர்கள் ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. விடிந்ததும் இயேசு கரையில் நின்று, வலது பக்கம் போடுங்கள் என்கிறார். போட்டதும் இழுக்க முடியாத அளவு மீன். அந்தக் கதையை அந்தக் குப்பத்தில் சொல்லியிருக்கக் கூடாது.

"டீச்சர், லெஃப்ட்ல இல்லாத மீனு ரைட்ல எப்டி வரும்? மீனுக்கு இன்னா ரேஷன் கடை கியூவா?"

எல்லாரும் சிரித்தார்கள். வலைக் கூடத்தில் இருந்த பெரியவர்களும் சிரித்தார்கள்.

"அது அற்புதம்ப்பா" என்றார் டீச்சர்.

"அற்புதமெல்லாம் இல்ல டீச்சர். அவரு கரையில நின்னாரா இல்லியா? கரையில மேட்டுல நின்னு பாத்தா தண்ணி கலரு மாறும், மீனு கூட்டம் தெரியும். எங்க நைனாவுக்கு எங்க தாத்தா அப்டித்தான் கை காட்டுவாரு. அவரும் மீனு புடிக்கிறவருதான?"

"இல்லப்பா. அவர் தச்சர். மர வேலை செய்றவர்."

பையன் வாயைப் பிளந்தான்.

"தச்சரா? தச்சரு சொல்லி வலைய போட்டாங்களா? நைட்டெல்லாம் போட்டு டயர்டா கீற ஆளுங்களா? அப்ப அவங்கதான் டீச்சர் பெரிய ஆளுங்க. எங்க நைனாவா இருந்தா வாயில வந்தத சொல்லிட்டு வூட்டுக்குப் போய்க்கினே இருப்பாரு."

 டீச்சரும் சிரித்தார். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். மாடியில் எட்டு மாதம் கேட்டதில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. இது ஏறியது. ராத்திரி முழுக்க வேலை செய்து களைத்தவனுக்கு, தொழில் தெரியாத ஒருவன் பேச்சைக் கேட்டு இன்னொரு தரம் வலையைத் தூக்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வந்த மீனைவிட அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

பிறகு முட்டைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டேன்.

ஆறாம் நாளிலிருந்து பிள்ளைகள் ஐம்பத்தேழு. அதற்கு மேல் ஏறவில்லை. எனக்குக் கால் வீங்கிவிட்டது. அந்தத் தம்பி கீபோர்டு பெட்டியைத் திருப்பிப் போட்டு, "சிஸ்டர், உக்காருங்க" என்பான். சிஸ்டர் என்றால் ஆரம்பத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் யாரோ வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன். பிறகு பழகிவிட்டது. உட்கார்ந்தபடி வெங்காயம் உரித்தேன்.

ஒன்பதாம் நாள்தான் ஒப்புக்கொடுக்கிற நாள். டீச்சர் காலையிலிருந்து சாப்பிடவில்லை, உபவாசம். என்னிடம் வந்து சொன்னார்.

"இன்னிக்கு பத்தரைக்கு உள்ள வராதீங்கம்மா. பிள்ளைங்க மனசு கலைஞ்சிடும். ஜெபம் முடிஞ்சதும் எண்ணிக்கோங்க."

சரி என்றேன். முட்டையை மட்டும் வேக வைத்தேன். உலைத் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. பதினொன்று ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று. எண்ணாமல் அரிசி போட எனக்குக் கை வரவில்லை. இன்னும் தாமதித்தால் சோறு ஒரு மணிக்கும் வேகாது. முடிந்துவிட்டதா என்று பார்க்கக் கரண்டியோடு பந்தல் ஓரத்துக்குப் போனேன்.

கீபோர்டு மெதுவாக ஒலித்துக்கொண்டிருந்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கையை விரித்து நின்றார். பெண்கள் இருவரும் முட்டி போட்டிருந்தார்கள். பிள்ளைகள் தலை குனிந்திருந்தார்கள். முதலில் ஒருவன் என்னைப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவனை இடித்தான். அப்படியே வரிசையாக எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

அப்போது டீச்சர் சொன்னார், "இயேசு எனக்கு வேணும்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க."

எல்லாக் கையும் மேலே போனது.

நான் எண்ணினேன். பழக்கம். ஐம்பத்தெட்டு. திரும்பிப் போய் ஐம்பத்தெட்டுக்கு அரிசி களைந்து உலையில் போட்டேன். கிளறிவிட்டு நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. அந்தப் பெண் தம்பியை மணலில் இறக்கிவிட்டுத்தான் கை தூக்கினாள். அந்த வாய்க்காரப் பையன் இரண்டு கையையும் தூக்கியிருந்தான். பந்தலில் பிள்ளைகள் எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பந்தலுக்குப் போனால் டீச்சர் அழுதுகொண்டிருக்கிறார். சந்தோஷத்தில். கீபோர்டு தம்பி போட்டோ எடுத்துச் சபை குரூப்பில் போட்டுவிட்டான்.

"ஐம்பத்தெட்டு, டீச்சர்! ரிஜிஸ்டர்ல ஐம்பத்தேழுதான் இருக்கு. எண்ணினதுல ஒண்ணு தப்பிருக்கும். எல்லாருமே, டீச்சர், எல்லாருமே!"

போன் நிற்காமல் அடித்தது. கமிட்டியில் ஒரு பெரியவர் பேசினார். டீச்சர், "ஆமாங்கையா, ஸ்தோத்திரம் ஐயா" என்று மட்டும் சொன்னார். ஆறு வருஷமாக அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அன்று உபவாசத்தை முடித்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். நான் முட்டை வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

பாத்திரம் விளக்கும்போது யோசித்தேன். சொல்லாவிட்டால் பள்ளிக்கூடம் திறக்கிற வரை அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு கிடைக்கும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குக் கஷ்டமே இல்லை. மண்டபத்தில் எத்தனையோ பார்த்து மூடிக்கொண்டவள். ஆனால் அந்தப் பெண் தம்பியை இறக்கிவிட்டது கண்ணிலேயே நின்றது. அவளை அப்படிப் பழக்கியது நான். அதைக் கொண்டுபோய் இயேசு கணக்கில் எழுதுகிறார்கள். அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

பஸ்ஸில் டீச்சருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பஸ் திருவான்மியூரைத் தாண்டியது. பிறகு சொன்னேன்.

"டீச்சர், அந்தக் கையெல்லாம் சோத்துக்குத் தூக்கினது."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நான் எண்ண வரலன்னு பிள்ளைங்க பயந்துகினு இருந்துச்சுங்க. நான் வந்து நின்னேன். நீங்க தூக்கச் சொன்னீங்க. தூக்கிடுச்சுங்க. தூக்கலன்னா சோறு கிடையாதுன்னு நான்தான் பழக்கினேன்."

"எல்லாமேவா?"

"எல்லாமேன்னு சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. ஆனா அந்த ஐம்பத்தெட்டாவது கை தப்பில்ல டீச்சர். அது அந்த வாய்க்காரப் பையனோட அக்காவுக்கு."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடையாறு வரை அப்படியே இருந்தார். கூட்டம் எங்களை நெருக்கியது. ஒருத்தர் கூடை என் முட்டியில் இடித்துக்கொண்டே வந்தது. நானும் நகரவில்லை.

இறங்கும்போது சொன்னார், "நாளைக்கு முதல்ல சோறு போட்டுடுங்க. எண்ண வேணாம். வேணுங்கறவங்களுக்கெல்லாம் போடுங்க. அப்புறம் நான் கேக்குறேன்."

மறுநாள் கீபோர்டு தம்பி விஷயம் தெரிந்து டீச்சரோடு வாதாடினான். அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசினார்கள்.

"டீச்சர், போட்டோ போயாச்சு. பெரியவங்க சாட்சி சொல்லிட்டு இருக்காங்க. அந்த நம்பரே இருக்கட்டும். பிள்ளைங்களுக்குச் சோறாவது கிடைக்கும்ல? ஆண்டவர் அதை வேணாம்னா சொல்லப் போறார்?"

எனக்கும் அதுதான் தோன்றியது. அவர் சரி என்று சொல்லிவிட்டால் தேவலை என்றுகூட நினைத்தேன்.

டீச்சர் பந்தலில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு, "சோத்துக்கு நான் வேற எங்கயாவது கேட்டுப் பாக்குறேன்ப்பா. பசிச்ச பிள்ளை கையை அவர் பேர்ல எழுத என்னால முடியாது" என்றார்.  முகம் கழுவப் போய்விட்டார்.

மாடியில் எத்தனையோ பேர் விசுவாசம் விசுவாசம் என்று பேசிக் கேட்டிருக்கிறேன். அது என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் அந்தத் தகரத் தடுப்பைத்தான் சொல்வேன். விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியாது.

என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேறு இடத்தில் கேட்டார். கிடைக்கவில்லை. கமிட்டி சம்மதிக்கவில்லை. அடுத்த மே மாதம் சபை ஊழியத்துக்கு வேறு ஊருக்குப் போனது, வேறு ஆளை வைத்து. டீச்சர் சனிக்கிழமைகளில் தனியாக பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு அந்தக் குப்பத்துக்குப் போய்வருகிறார். கால் நன்றாக இருக்கிற வாரம் நானும் போவேன்.

அந்தப் பத்தாம் நாள் எண்ணாமல் உலை வைத்தேன். இருந்த அரிசியை முழுக்கப் போட்டேன். வாழ்க்கையில் முதல் தரம்.  பிள்ளைகள் இரண்டு தரம் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள். சிலர் மணலிலேயே சாய்ந்துவிட்டார்கள். அந்தப் பெண் மடியில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான்.

டீச்சர் முன்னால் போய் நின்றார். கீபோர்டு வேண்டாம் என்றுவிட்டார். நின்றபடியே சாதாரணமாகக் கேட்டார்.

"எல்லாரும் வயிறு நிறைய சாப்ட்டாச்சா?"

"ஆச்சு டீச்சர்!"

"இனிமே நான் கேக்கறதுக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இல்ல. தூக்கினாலும் ஒண்ணும் கிடையாது, தூக்காட்டியும் ஒண்ணும் இல்ல. பத்து நாளா இயேசுவைப் பத்திக் கேட்டீங்க. அவர் எனக்கு வேணும்னு நிஜமாவே நினைக்கிறவங்க மட்டும் கையைத் தூக்குங்க."

வாய்க்காரப் பையன் எழுந்து நின்றான்.

"டீச்சர், பிஸ்கட்டும் கிடையாதா?"

"கிடையாது."

"அப்ப நான் யோசிச்சு சொல்றேன் டீச்சர். கோச்சிக்காத."

"கோச்சிக்க மாட்டேன். உக்காரு."

டீச்சர் கண்ணை மூடினார். மூடுவதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "நீங்க எண்ணுங்கம்மா" என்றார்.

நான் அண்டாவை விட்டுவிட்டு எழுந்தேன். இந்தத் தரம் கரண்டியை எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்க்காதபடி தடுப்புக்குப் பின்னால் நின்றேன். காற்றில் பந்தல் துணி அடித்துக்கொண்டது. வெகு நேரம் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் தம்பியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் தூக்கவில்லை. பின்வரிசையில் ஒரு கை எழுந்தது, பாதியில் நின்றது, பிறகு முழுக்க மேலே போனது. ஓரத்தில் இன்னொன்று. அப்புறமும் ஒன்றிரண்டு. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஆமென்" என்றார் டீச்சர். பிள்ளைகள் ஓடினார்கள்.

அவர் தடுப்புக்குள் வந்து பெட்டி மேல் உட்கார்ந்து, கமிட்டிக்குக் கொடுக்க வேண்டிய தாளைத் தொடையில் விரித்தார். பேனாவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எண்ணிக்கையைச் சொன்னேன்.

"உங்களையும் சேர்த்தா?" என்றார்.

"நீங்க கேட்டது பிள்ளைங்களதானே."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நான் சொன்னதைக் கட்டத்துக்குள் எழுதினார்.

நான்கு.